வெளிநாட்டு கஸ்டடி உத்தரவு கையில், குழந்தை வேறு நாட்டில்: நீதிமன்றம் என்ன செய்யும்?

கேள்வி சுருக்கமாக இதுதான். கணவனும் மனைவியும் ஒரு நாட்டில் குழந்தையோடு வாழ்கிறார்கள். பிரச்சினை முற்றுகிறது. ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல், அல்லது "லீவுக்குப் போய்விட்டு வந்துவிடுகிறோம்" என்று சொல்லிவிட்டு, குழந்தையோடு வேறு நாட்டுக்குப் போய்விடுகிறார். திரும்பி வரவில்லை. மற்றவர் இருக்கிற ஊரிலேயே வழக்குப் போட்டு, குழந்தையைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வாங்கிவிடுகிறார். குழந்தை இப்போது இருக்கும் நாட்டின் நீதிமன்றம் அந்த உத்தரவை அப்படியே நிறைவேற்றுமா?

பெரும்பாலும் அப்படியே நிறைவேற்றாது. ஆனால் தூக்கியும் போட்டுவிடாது. எவ்வளவு மதிப்புக் கொடுக்கும் என்பது மூன்று தேதிகளைப் பொறுத்தது: குழந்தை நாட்டை விட்டுக் கிளம்பிய தேதி, உத்தரவு போடப்பட்ட தேதி, குழந்தை இருக்கும் நாட்டில் நீங்கள் மனு போட்ட தேதி. இப்படி ஒரு கட்டு மேசைக்கு வந்தால், உத்தரவில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதற்கு முன்பே ஒரு வெள்ளைத்தாளில் இந்த மூன்றையும் எழுதிக்கொள்வது என் வழக்கம். பாதி வழக்கு அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது, இரண்டு நாடுகளும் 1980-ம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இருக்கின்றனவா என்பது. குழந்தைக் கடத்தலின் உரிமையியல் அம்சங்களைப் பற்றிய உடன்படிக்கை இது. 1983 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இன்று நூறு நாடுகளுக்கு மேல் இதில் இருக்கின்றன. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா உண்டு. இலங்கை 2001-லேயே சேர்ந்துவிட்டது, ஜப்பான் 2014-ல் வந்தது. இந்தியா இன்னும் சேரவில்லை, மலேசியாவும் இல்லை. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பின்னால் சேர்ந்த நாட்டை ஏற்கெனவே இருக்கும் நாடு ஏற்றுக்கொண்டால்தான் அந்த இரண்டுக்கும் இடையே உடன்படிக்கை செல்லும். அதனால் இரண்டு பெயரும் பட்டியலில் இருக்கின்றன என்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. ஒன்றையொன்று ஏற்றுக்கொண்டிருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

ஹேக் நாடுகளுக்கு இடையே என்றால், பலரும் எதிர்பார்க்காத ஒரு விஷயம்: உங்கள் கஸ்டடி உத்தரவு அங்கே தேவையே இல்லை. அந்த உடன்படிக்கை உத்தரவுகளை நிறைவேற்றுவதற்காக எழுதப்பட்டதல்ல. 16 வயதுக்குட்பட்ட குழந்தை வழக்கமாக எந்த நாட்டில் வாழ்ந்துகொண்டிருந்தது, அந்த நாட்டுச் சட்டப்படி உங்களுக்குப் பாதுகாவல் உரிமை இருந்ததா, அதை நீங்கள் பயன்படுத்திக்கொண்டிருந்தீர்களா, அதை மீறிக் குழந்தை கொண்டுபோகப்பட்டதா? இவ்வளவுதான் கேள்வி. அந்த உரிமை சட்டத்திலிருந்தே வரலாம், பெற்றோருக்கு இடையேயான ஒப்பந்தத்திலிருந்து வரலாம், உத்தரவிலிருந்தும் வரலாம். உரிமை இருந்தது, மீறப்பட்டது என்று தெரிந்தால் குழந்தையைப் பழைய நாட்டுக்கு அனுப்பச் சொல்வார்கள். யாரிடம் வளர வேண்டும் என்பதை அந்த நாட்டு நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். திருப்பி அனுப்பும் உத்தரவு கஸ்டடி பற்றிய முடிவாகாது என்று உடன்படிக்கையின் 19-ம் பிரிவே சொல்கிறது.

தேதி இங்கேதான் முக்கியமாகிறது. குழந்தை கிளம்பிய நாளில் உங்களுக்கு என்ன உரிமை இருந்தது என்றுதான் பார்ப்பார்கள். கிளம்பி மூன்று மாதம் கழித்து அவசரமாக வாங்கிய உத்தரவு, அன்றைக்கு இல்லாத உரிமையைப் பின்தேதியிட்டு உண்டாக்கித் தராது. வழக்கறிஞர்கள் இதை 'துரத்திப் பிடிக்கும் உத்தரவு' என்று கொஞ்சம் கேலியாகவே சொல்வார்கள். கையில் வைத்திருந்தால் கெடுதல் இல்லை. அதை மட்டுமே நம்பிப் போனால் ஏமாற்றம்தான்.

இது எதிர்ப்பக்கமும் வெட்டும். குழந்தையைக் கொண்டுபோனவர் போன இடத்தில் ஒரு கஸ்டடி உத்தரவு வாங்கி வைத்துக்கொண்டு, "எனக்கும் உத்தரவு இருக்கிறது" என்று நிற்பது வழக்கமான தந்திரம். 17-ம் பிரிவு அதற்காகவே இருக்கிறது. அப்படி ஓர் உத்தரவு இருப்பது மட்டுமே குழந்தையை அனுப்ப மறுக்கக் காரணம் ஆகாது. அதில் சொல்லப்பட்டிருக்கும் காரணங்களை வேண்டுமானால் நீதிபதி கவனத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

உத்தரவு ஒரு பக்கத்தின் பெயருக்கு இருந்தும் அவர் செய்தது தவறு என்றே முடிந்த வழக்கும் உண்டு. சிலி நாட்டில் வாழ்ந்த ஒரு தம்பதி பிரிந்தார்கள். கஸ்டடி அம்மாவுக்கு, பார்க்கும் உரிமை அப்பாவுக்கு என்று அங்குள்ள நீதிமன்றம் தீர்த்தது. அம்மா பையனோடு அமெரிக்கா போய்விட்டார். கஸ்டடி தன்னிடம்தானே இருக்கிறது என்பது அவர் வாதம். ஆனால் சிலி சட்டப்படி, அப்பாவின் சம்மதம் இல்லாமல் குழந்தையை நாட்டை விட்டுக் கொண்டுபோக முடியாது. அந்தத் தடுக்கும் உரிமையே ஒரு பாதுகாவல் உரிமைதான் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010-ல் சொல்லிவிட்டது. (வழக்குகளை ஆண்டை வைத்தே சொல்லிக்கொண்டு போகிறேன். அந்தப் பெயர்களுக்குப் பின்னால் இன்று வளர்ந்து நிற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.)

மறுப்பதற்கும் காரணங்கள் உண்டு. நீங்கள் சம்மதித்திருந்தால், அல்லது பின்னால் ஏற்றுக்கொண்டிருந்தால். அனுப்பினால் குழந்தைக்கு உடலுக்கோ மனதுக்கோ கடுமையான ஆபத்து என்றால். விவரம் தெரிந்த வயதில் குழந்தையே வேண்டாம் என்றால். நீங்கள் ஓராண்டு கழித்துத்தான் மனு போட்டீர்கள், அதற்குள் குழந்தை புது இடத்தில் வேரூன்றிவிட்டது என்றால். இந்த ஓராண்டு பொல்லாதது. குழந்தை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே காலம் ஓடிவிட்டது, அதைக் கழித்துக் கணக்கிடுங்கள் என்று ஒருவர் கேட்டபோது, முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014-ல் மறுத்துவிட்டது. ஆறு வாரத்தில் முடிவெடுக்கவில்லை என்றால் தாமதத்துக்குக் காரணம் கேட்கலாம் என்று உடன்படிக்கை சொல்கிறது. நடைமுறையில் அதைவிட இழுக்கிறது.

சரி, வெளிநாட்டு உத்தரவை நேரடியாக நிறைவேற்றும் வழியே இல்லையா? இருக்கிறது. 1996-ல் இன்னொரு ஹேக் உடன்படிக்கை வந்தது. அதில் உள்ள நாடுகளுக்குள், ஒரு நாடு குழந்தையின் பாதுகாப்புக்காகப் போட்ட உத்தரவு மற்ற நாட்டில் தானாகவே அங்கீகாரம் பெறும். குழந்தையை நியாயமில்லாமல் கொண்டுபோனால் பழைய நாட்டின் அதிகார வரம்பு உடனே போய்விடாது என்றும் அது சொல்கிறது. அமெரிக்காவின் நிலை தனி. இந்த உடன்படிக்கையில் 2010-ல் கையெழுத்துப் போட்டதோடு சரி, இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. ஆனால் அங்கே கிட்டத்தட்ட எல்லா மாநிலங்களும் ஏற்றுக்கொண்ட ஒரு சீர்சட்டம் (மாநிலங்களுக்குப் பொதுவாக ஒரே மாதிரி எழுதப்பட்ட சட்டம்), வெளிநாட்டையும் இன்னொரு அமெரிக்க மாநிலம்போலவே பாவிக்கச் சொல்கிறது. குழந்தை வழக்குக்கு முந்தைய ஆறு மாதம் அங்கே வாழ்ந்திருந்து, எதிர்த் தரப்புக்கு நோட்டீஸ் போயிருந்து, அந்த நாட்டுச் சட்டம் அடிப்படை மனித உரிமைகளை மீறாமல் இருந்தால் அங்கீகரித்தே ஆக வேண்டும். ஹேக்கில் இல்லாத நாட்டின் உத்தரவுக்கும் இது பொருந்தும். ஆகவே இந்தியாவில் முறையாக வாங்கிய கஸ்டடி உத்தரவு அமெரிக்காவில் நிறைவேற நல்ல வாய்ப்பு உண்டு. அமெரிக்க உத்தரவு இந்தியாவுக்கு வரும்போது கதை வேறு.

அந்த வேறு கதைக்கு வேர் 1951-ல் இருக்கிறது. கலிஃபோர்னியா நீதிமன்றம் ஒரு பையனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னது. அப்பா 1946-ன் கடைசியில் பையனைக் கனடாவின் ஒன்டாரியோவுக்குக் கொண்டுபோய்விட்டார். வழக்கு, இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை போனது. வெளிநாட்டு உத்தரவுக்கு உரிய மதிப்புக் கொடுக்க வேண்டும், ஆனால் குழந்தையின் நலன் எதில் என்று முடிவு செய்வது குழந்தை இருக்கும் நாட்டு நீதிபதியின் சொந்தப் பொறுப்பு, அதை அவர் தட்டிக்கழிக்க முடியாது என்றார்கள். பையன் அப்பாவிடமே இருந்துவிட்டான். உத்தரவை மீறிக் கொண்டுபோனவருக்கே வெற்றி என்று கேட்கும்போது உறுத்தத்தான் செய்யும். ஆனால் அந்தத் தீர்ப்பின் தர்க்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. 2005-ல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையும், ஹேக்கில் இல்லாத நாட்டு வழக்கில் ஹேக் விதிகளைப் புகுத்தக் கூடாது, ஒவ்வொரு குழந்தையின் நலனையும் தனியாகப் பார்க்க வேண்டும் என்றது. உடனே திருப்பி அனுப்புவதே அந்தக் குழந்தைக்கு நல்லதாக இருந்தால் அப்படியும் செய்யலாம் என்று கதவைத் திறந்தும் வைத்தது.

இந்தியாவுக்கு வருவோம். என்னிடம் அடிக்கடி கேட்கப்படுவது இது: "உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவில் போட்டு உத்தரவை நிறைவேற்ற முடியாதா?" முடியாது. அந்தப் பிரிவு, அரசு அறிவித்த நாடுகளின் பணத் தீர்ப்புகளுக்கு மட்டும். குழந்தை பணம் இல்லை. வெளிநாட்டுத் தீர்ப்பு எப்போது இறுதியானது என்று சொல்லும் 13-ம் பிரிவை வைத்துக்கொண்டும் வெகுதூரம் போக முடியாது, ஏனென்றால் கஸ்டடி உத்தரவு எங்கேயுமே இறுதியானதல்ல. சூழ்நிலை மாறினால் போட்ட நீதிமன்றமே மாற்றும். ஆகவே உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட வேண்டும், அல்லது 1890-ம் ஆண்டின் கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டத்தின் கீழ், குழந்தை சாதாரணமாக வசிக்கும் இடத்தின் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். இரண்டிலும் உங்கள் உத்தரவு ஓர் ஆவணமாகக் கட்டில் கோர்க்கப்படும். அவ்வளவுதான் அதன் உத்தியோகம்.

உச்ச நீதிமன்றம் இதில் ஒரே கோட்டில் நடந்ததில்லை. 1984-ல் இங்கிலாந்திலிருந்தும் 1986-ல் அமெரிக்காவிலிருந்தும் அப்பாக்கள் கொண்டுவந்த பையன்களை அம்மாக்களிடமே அனுப்பியது. 1986 வழக்கில், வார இறுதியில் பார்க்கக் கிடைத்த நேரத்தைப் பயன்படுத்தி அப்பா பையனை விமானம் ஏற்றிவிட்டார்; நீதிமன்றத்துக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனால் 1997-ல் ஒரு வழக்கு தீர்ப்புக்கு வந்தபோது பையன் அம்மாவோடு இந்தியாவில் 12 ஆண்டுகளுக்கு மேல் வளர்ந்திருந்தான். அப்பாவின் கையில் அமெரிக்க உத்தரவு இருந்தும் பலனில்லை. அந்த 1951 தீர்ப்பைத்தான் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டியது.

2015-ல் காற்று திசை மாறியது. பிரிட்டனிலிருந்து அம்மா இரண்டு மகள்களைக் கூட்டிவந்த வழக்கில், குழந்தையோடு நெருங்கிய தொடர்புள்ள நாட்டு நீதிமன்றம் முதலில் பயனுள்ள உத்தரவு போட்டுவிட்டால் அதற்கே முன்னுரிமை என்று இரு நீதிபதிகள் அமர்வு சொன்னது. 'முதல் அடி' கொள்கை என்று பெயர். வழக்கறிஞர்கள் மத்தியில் அதன் விளைவு உடனே தெரிந்தது. தம்பதிக்குள் பேச்சு முறிந்த அன்றே யார் முதலில் நீதிமன்றத்துக்கு ஓடுவது என்று பந்தயம். என் கருத்தில் அந்தக் கொள்கை எளிமையாக இருந்தது, ஆனால் குழந்தையைப் பற்றி அது எதையுமே கேட்கவில்லை.

இரண்டே ஆண்டுகளில், 2017 ஜூலையில், மூன்று நீதிபதிகள் அமர்வு அதை நிராகரித்தது. இதயக் கோளாறு உள்ள ஒரு பெண் குழந்தையை அம்மா பிரிட்டனிலிருந்து அழைத்து வந்திருந்தார். திருப்பி அனுப்பச் சொல்லி அங்கே உத்தரவு இருந்தது, டெல்லி உயர் நீதிமன்றமும் அனுப்பச் சொன்னது. உச்ச நீதிமன்றம் மறுத்தது. வெளிநாட்டு உத்தரவு கவனத்தில் கொள்ள வேண்டிய காரணிகளில் ஒன்று, அவ்வளவே. நீதிமன்றங்கள் ஒன்றுக்கொன்று காட்டும் மரியாதையைவிடக் குழந்தையின் நலன் மேல். பெற்ற தாயிடம் இருக்கும் குழந்தை சட்டவிரோதக் காவலில் இருப்பதாக எடுத்த எடுப்பில் சொல்ல முடியாது. இன்றைக்கும் அடிப்படை இதுதான்.

இதைக் கேட்டு, "அப்படியானால் இந்தியாவுக்கு வந்துவிட்டால் தப்பித்தோம்" என்று நினைத்தால் தவறு. அதே 'நலன்' என்ற சொல்லை வைத்தே அதன் பிறகு திருப்பி அனுப்பிய வழக்குகள் வரிசையாக இருக்கின்றன. 2019-ல் ஒரு வழக்கு. அம்மாவே அமெரிக்காவில் விவாகரத்து வழக்குப் போட்டிருந்தார். அது நடக்கும்போதே இரண்டு குழந்தைகளோடு இந்தியா வந்துவிட்டார். அங்கே வழக்குப் போட்டவர் அந்த நீதிமன்றம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அனுப்பச் சொன்னார்கள். 2022 ஜனவரியில் இன்னொன்று. குழந்தைக்கு அறுவை சிகிச்சை செய்ய இந்தியா வருகிறோம், இன்ன தேதிக்குள் திரும்புவோம் என்று பெற்றோர் எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அந்த ஒற்றைத் தாள் வழக்கில் பெரிய வேலை செய்தது. குழந்தை போக வேண்டும் என்றும், அம்மாவைப் போகச் சொல்லி நீதிமன்றம் கட்டாயப்படுத்த முடியாது என்றும், அவர் போக விரும்பினால் செலவை அப்பா ஏற்க வேண்டும் என்றும் தீர்ப்பு. அதே ஆண்டு ஜூலையில், அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த ஒரு பையனையும் திருப்பி அனுப்பினார்கள்.

இவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் நீதிபதிகள் உண்மையில் எதைப் பார்க்கிறார்கள் என்று தெரியும். குழந்தை எந்த நாட்டில் பிறந்தது, எத்தனை வயதுவரை அங்கே பள்ளிக்குப் போனது, இங்கே வந்து எவ்வளவு காலம் ஆனது, உத்தரவு இரு தரப்பையும் கேட்டுப் போட்டதா, ஒருதலைப்பட்சமா, திரும்பிப் போனால் கூட வரும் பெற்றோருக்குத் தங்க இடமும் விசாவும் இருக்கிறதா. எட்டு மாதத்தில் மனு போட்டவருக்கு 'சுருக்க விசாரணை' கிடைக்கும் வாய்ப்பு அதிகம்; அதாவது முழு கஸ்டடி விசாரணை இல்லாமலே அனுப்பிவிடலாமா என்று பார்ப்பார்கள். நான்கு ஆண்டு காத்திருந்தவருக்கு விரிவான விசாரணைதான்.

ஒருதலைப்பட்ச உத்தரவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "அனைத்து வழிகளிலும் நோட்டீஸ் அனுப்பப்பட்டது, எதிர்மனுதாரர் ஆஜராகவில்லை" என்ற இரண்டு வரிக்குக் கீழே நேராக உத்தரவு தொடங்கினால், வேறு நாட்டு நீதிபதி புருவத்தை உயர்த்துவார். அதற்குப் பதிலாக நோட்டீஸ் எந்தத் தேதியில், எந்த முகவரிக்கு, எந்த மின்னஞ்சலுக்குப் போனது, மற்றவர் வீடியோவில் ஆஜராக வாய்ப்புத் தரப்பட்டதா, குழந்தை எந்தப் பள்ளியில் எந்த வகுப்பில் படித்தது, நீதிமன்றத்துக்கு ஏன் அதிகார வரம்பு இருக்கிறது என்று காரணங்களோடு எழுதப்பட்ட உத்தரவு வேறு கனம் பெறும். உங்கள் வெளிநாட்டு வழக்கறிஞரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அவர் தன் ஊர் நீதிபதிக்காக மட்டும் வரைவு எழுதிப் பழகியிருப்பார்.

அப்புறம், கொண்டுபோனவர் அம்மாவாக இருந்து, அவர் வன்முறைக்குப் பயந்து வந்தவராக இருந்தால்? ஹேக் உடன்படிக்கை எழுதப்பட்ட காலத்தில், பார்க்கும் உரிமை மட்டும் கிடைத்த அப்பா குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதுதான் வழக்கமான காட்சி என்று நினைத்தார்கள். இன்று பெரும்பாலான வழக்குகளில் கொண்டுபோவது அம்மா. இந்தியா உடன்படிக்கையில் சேரத் தயங்குவதற்கு இதுவே முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. சேரலாம் என்று சட்ட ஆணையம் 2009-ல் தன் 218-வது அறிக்கையிலும், 2016-ல் 263-வது அறிக்கையிலும் சொன்னது. நீதிபதி ராஜேஷ் பிந்தல் தலைமையில் ஒரு குழுவும் 2018-ல் அறிக்கை தந்தது. சட்டம் வரவில்லை. தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் சட்டமே இல்லாததால் ஒவ்வொரு குடும்பமும் உச்ச நீதிமன்றம் வரை ஏற வேண்டியிருப்பதில் எந்த நியாயமும் இல்லை.

அப்படிப் பயந்து வந்தவர்களுக்குப் பாதுகாப்பாக, அனுப்பும் நீதிமன்றம் நிபந்தனைகள் போடும். கைது செய்யச் சொல்லிக் கொடுத்த புகாரை வாபஸ் வாங்க வேண்டும், தனி வீடு, செலவுக்குப் பணம், இப்படி. வாய்மொழி உறுதி விமானம் ஏறியதும் காற்றில் போய்விடும் என்பதால், அதே வாசகத்தில் போகும் நாட்டிலும் ஓர் உத்தரவு வாங்கி வரச் சொல்வார்கள். அதுதான் மிரர் ஆர்டர். அதுவும் முழுப் பாதுகாப்பு அல்ல என்பதை ஒரு கென்ய வழக்கு காட்டியது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு பையனைக் கென்யாவில் இருந்த அப்பாவிடம் ஒப்படைத்தது. அங்கே மிரர் ஆர்டர் வாங்க வேண்டும், ஒரு கோடி ரூபாய் டெபாசிட் கட்ட வேண்டும், அம்மா பையனைப் பார்க்கவும் பேசவும் விட வேண்டும் என்று நிபந்தனை. பையன் போய்ச் சேர்ந்தான். அப்புறம் அப்பா பேச்சு மாறினார். இந்தியத் தீர்ப்பின் செல்லுபடியையே அங்கே கேள்விக்குள்ளாக்கினார். 2021-ல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. 2022-ல் அவமதிப்புக்காகச் சிறைத் தண்டனையும் 25 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. தண்டனை இங்கே இருந்தது, பையன் இங்கே இல்லை.

கடைசியாக இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொரு வார்த்தை. குழந்தையை அழைத்து வந்தவர் நீங்கள் என்றால், அந்த நாட்டிலிருந்து வரும் நோட்டீஸைக் கிழித்துப் போடாதீர்கள். வழக்கறிஞர் மூலம் ஆஜராகி, ஏன் வந்தீர்கள் என்று எழுத்தில் சொல்லுங்கள். மருத்துவக் குறிப்பு, போலீஸ் புகார் இருந்தால் அங்கேயே தாக்கல் செய்யுங்கள். நான்கு ஆண்டு கழித்து இங்கே முதல்முறையாகச் சொல்லும் வன்முறைக் குற்றச்சாட்டை நீதிபதி சந்தேகத்தோடுதான் படிப்பார். பின்தங்கி நிற்பவர் நீங்கள் என்றால், வழக்கு நடக்கும்போதே குழந்தையோடு தினமும் வீடியோவில் பேச இடைக்கால உத்தரவு கேளுங்கள். இப்படிப் பிரிந்திருக்கும் பெற்றோர் தினமும் ஐந்து, பத்து நிமிடமாவது பேச வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2020-ல் சொல்லியிருக்கிறது. பேசிய நாள், நேரம், எடுக்காமல் போன கால்கள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். நீதிபதி குழந்தையைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உங்களைப் பற்றிக் கேட்கும் நாளில், அது உங்கள் முகத்தை மறக்காமல் இருக்க வேண்டும்.